ஓவர்டோஸ் கணக்கு: யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள்?

நம் ராமநாதபுரம் கரையில் வேதாளை, மண்டபம், தேவிபட்டினம் பக்கம் ஒரு போதைப்பொருள் மூட்டை பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் இரண்டு எண்கள் வரும்: எத்தனை கிலோ, எத்தனை கோடி. சாயங்காலத்துக்குள் டீக்கடையில் மூன்றாவது எண் ஒன்று பிறந்துவிடும். "இந்தக் கருமத்தால நம்ம மாவட்டத்துல மட்டும் வருசத்துக்கு நூத்துக்கணக்குல போறாய்ங்க" என்பார் ஒருவர். எதிர் பெஞ்சிலிருந்து, "விடுங்கண்ணே, எல்லாம் சிலோனுக்குப் போற சரக்கு. இங்க யாரு சாவுறா?" என்று பதில் வரும். இரண்டு பேரும் அடித்துப் பேசுவார்கள். இரண்டு பேரிடமும் கணக்கு இல்லை.

பிடிபட்ட கிலோவை வைத்துச் செத்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. ஒரு மாதம் ரோந்து கூடினால் பிடிபடுவதும் கூடும், அவ்வளவுதான். கோடி மதிப்பு என்பது வெளிநாட்டுச் சந்தை விலையை வைத்துப் போட்ட கணக்கு. போதைப்பொருளால் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பது வேறு கணக்கு. அதை எப்படி எடுக்கிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

## முதலில், எதை எண்ணுகிறோம்?

எல்லாப் போதையும் ஒன்றல்ல. கசகசாச் செடியின் பாலிலிருந்து வரும் அபின், அதிலிருந்து எடுக்கும் மார்ஃபின், கோடீன், மார்ஃபினிலிருந்து செய்யும் ஹெராயின், ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகச் செய்யும் ஃபென்டனில், டிரமடால், டாபென்டடால் போன்ற வலி மருந்துகள் ஆகிய இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஓபியாய்டு என்று பெயர். கஞ்சா இதில் சேராது. 'ஐஸ்' என்கிற மெத்தாம்ஃபெட்டமைன் சேராது. நம் கரையில் அடிக்கடி பிடிபடும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் மாத்திரையும் சேராது. ஆனால் பிரிகாபலினை ஓபியாய்டோடு சேர்த்து விழுங்கினால் ஆபத்து பல மடங்கு ஆகும். சாராயமும் அப்படித்தான்.

ஓபியாய்டுகள் எல்லாம் மூளையில் ஒரே வகை ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வலி குறைவதும் சுகமாக இருப்பதும் அதனால்தான். அதே ஏற்பிகள் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. நாம் நினைக்காமலே மூச்சு ஓடிக்கொண்டிருப்பது மூளைத்தண்டின் வேலை. அங்கே அளவுக்கு மேல் ஒட்டினால் மூச்சு மெதுவாகும், பிறகு நிற்கும். உடல் தாங்கக்கூடிய அளவை மீறி மருந்தோ போதைப்பொருளோ உள்ளே போய் உயிருக்கு ஆபத்தான நிலை வருவதுதான் ஓவர்டோஸ். செத்தால்தான் ஓவர்டோஸ் என்றில்லை. பிழைத்தவருக்கு நேர்ந்ததும் ஓவர்டோஸ்தான். கணக்கில் பாதிக் குழப்பம் இதை மறப்பதால் வருகிறது.

இதற்கு ஒரு மாற்று மருந்து உண்டு: நலாக்சோன். ஏற்பியில் ஒட்டியிருக்கும் ஓபியாய்டைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அது வேலை செய்வது அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரைதான். உள்ளே போன போதை அதைவிட நீண்ட நேரம் தங்குவதாக இருந்தால் மூச்சு மறுபடியும் அடங்கலாம். அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது. அமெரிக்காவில் நலாக்சோன் மூக்கு ஸ்பிரேயை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க 2023 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள். நம் ஊரில் அது ஆஸ்பத்திரியில் போடும் ஊசி.

கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல், குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு ஒருவர் கிடந்தால் தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் மூச்சு கொடுங்கள். கொஞ்ச நாள் விட்டிருந்து மறுபடி எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்தவர் பழைய அளவையே எடுப்பார். உடம்புக்குப் பழைய தாங்குதிறன் இருக்காது.

## புயல் கூண்டும் சேதக் கணக்கும்

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வங்கக் கடலில் எங்கோ ஒரு தாழ்வு மண்டலம் உருவானதும் ஒன்றாம் எண் ஏறும். அது நம் பக்கம் வரலாம், வராமலும் போகலாம். யாரும் கூண்டைப் பார்த்து, "எத்தனை வீடு விழுந்தது?" என்று கேட்பதில்லை. படகை இழுத்துக் கட்டத்தான் அது. எத்தனை வீடு, எத்தனை படகு, எத்தனை உயிர் என்பது வருவாய்த் துறையினர் பிறகு வந்து எடுக்கும் கணக்கு. கூண்டு சீக்கிரம் வர வேண்டும், கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை. சேதக் கணக்கு சரியாக வர வேண்டும், கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

ஓவர்டோஸுக்கும் இப்படி இரண்டு கணக்குகள் தேவைப்படுகின்றன. "இந்த வாரம் இந்தப் பக்கம் ஏதோ மோசமான சரக்கு வந்திருக்கிறது" என்று உடனே சொல்ல ஒன்று. "சென்ற ஆண்டு இன்ன பொருளால் இத்தனை பேர் இறந்தார்கள்" என்று நிதானமாகச் சொல்ல இன்னொன்று. முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதன் துல்லியத்தை அதில் தேடுவதும், இரண்டாவதை எடுத்துக்கொண்டு இன்றைய நிலவரம் பேசுவதும் எல்லா நாட்டு ஊடகங்களும் செய்கிற தவறுதான்.

சேதக் கணக்கும் முழுதாக வந்துவிடாது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அலை மூழ்கடித்தது. அதில் இறந்தவர்கள் 115 பேர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கும் என்றும் சொல்வார்கள். டிக்கெட் இருந்தவர் எண்ணிக்கையில் வந்தார், இல்லாதவர் ஊகத்தில் நின்றார். ஓவர்டோஸ் கணக்கில் டிக்கெட்டின் இடத்தில் இருப்பது ஒரு காகிதம்: இறப்புக்கான மருத்துவச் சான்று.

இதுவரை: ஓபியாய்டு என்பது ஒரு மருந்துக் குடும்பம். மூச்சை அடக்கித்தான் அது கொல்கிறது. பிழைத்தவரையும் எண்ண வேண்டும். வேகமான கணக்கு ஒன்று, நிதானமான கணக்கு ஒன்று.

## ஒரு சாவு எப்படி எண் ஆகிறது?

நிதானமான கணக்கை முதலில் பார்ப்போம். ஓர் இளைஞர் இரவில் இறந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அவர்கள் விசாரணைப் பதிவு செய்வார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 194-ஆவது பிரிவு. அடுத்து உடற்கூறாய்வு. வயிறு, ஈரல், சிறுநீரகம் போன்றவற்றின் துண்டுகளையும் ரத்தத்தையும் எடுத்துத் தடய அறிவியல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். என்ன நஞ்சு, எவ்வளவு என்று அங்கே பார்ப்பதற்கு நச்சியல் பரிசோதனை என்று பெயர். அந்த அறிக்கை வரும்வரை மருத்துவர் இறப்பின் காரணத்தை 'நிலுவையில்' என்றுதான் வைத்திருப்பார். வாரங்கள் ஆகும். மாதங்களும் ஆகும்.

ஆய்வுக்கூடத்தில் தேடினால்தான் கிடைக்கும். அபின் வகைக்கான சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை ஹெராயின், மார்ஃபினைக் காட்டும். ஃபென்டனிலையோ டிரமடாலையோ காட்டாது. அவற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். "ஒன்றும் இல்லை" என்ற அறிக்கைக்கு, "நாங்கள் தேடிய பட்டியலில் ஒன்றும் இல்லை" என்று மட்டுமே பொருள்.

கிடைத்துவிட்டாலும் வேலை முடியவில்லை. புற்றுநோய் முற்றியவருக்கு வலி தெரியாமல் இருக்க மார்ஃபின் கொடுப்பார்கள். அவர் ரத்தத்தில் மார்ஃபின் இருக்கத்தான் செய்யும். அவர் ஓவர்டோஸில் இறக்கவில்லை. இருந்தது என்பது வேறு, கொன்றது என்பது வேறு. அதைத் தீர்மானிப்பது மருத்துவர்.

இனி அந்தச் சான்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆஸ்பத்திரியில் நடந்த இறப்புக்குப் படிவம் 4, வெளியே நடந்ததற்குப் படிவம் 4ஏ. இரண்டிலும் முதல் பகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரிகள். முதல் வரியில் நேரடிக் காரணம். இரண்டாவதில் அது எதனால் வந்தது. மூன்றாவதில் அதற்கும் அடியில் இருப்பது. அதாவது மேலிருந்து கீழாக ‘எதனால், எதனால்' என்று கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். கடைசியில் நிற்பதுதான் அடிப்படைக் காரணம், இந்தச் சங்கிலியைத் தொடங்கி வைத்தது. நாட்டுக் கணக்கில் ஏறுவது அந்த அடிப்படைக் காரணம்தான், மேல் வரி அல்ல.

சரியாக எழுதினால் முதல் வரியில் 'மூச்சு நின்றது', கீழே 'ஹெராயின் நஞ்சு' என்று வரும். நடப்பது என்னவென்றால், பல சான்றுகளில் முதல் வரியில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று எழுதிவிட்டுக் கீழ் வரிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். இதயமும் மூச்சும் நிற்காமல் இந்த உலகத்தில் இதுவரை யாரும் செத்ததில்லை! அந்தச் சான்று ஒன்றுமே சொல்லாத சான்று. சட்டத்துக்கு அது போதும், இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடும். கணக்குக்கு அது செல்லாக் காசு.

## எழுத்து எண்ணாக மாறும் இடம்

சான்றில் உள்ள சொற்களை உலகம் முழுக்க ஒரே மாதிரி எண்ணுவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் குறியீடுகள் இருக்கின்றன. அதன் பத்தாவது பதிப்பில் ஓவர்டோஸ் மரணத்துக்கு இரண்டு குறியீடுகள் போட வேண்டும். ஒன்று எப்படி நடந்தது என்று சொல்லும்: தவறுதலாக என்றால் எக்ஸ் 40 முதல் 44 வரை, தற்கொலை என்றால் எக்ஸ் 60 முதல் 64 வரை, கொலை என்றால் எக்ஸ் 85, தெரியவில்லை என்றால் ஒய் 10 முதல் 14 வரை. இன்னொன்று எதனால் என்று சொல்லும்: ஹெராயினுக்கு டி 40.1, மார்ஃபின், கோடீன் போன்றவற்றுக்கு டி 40.2, ஃபென்டனில், டிரமடால் போன்ற செயற்கை வகைக்கு டி 40.4. மருத்துவர் வெறுமனே 'போதைப்பொருள் நஞ்சு' என்று எழுதினால் இரண்டாவது குறியீடு பெயரில்லாத ஒரு பொதுப் பெட்டிக்குள் விழும். இறப்பு ஓவர்டோஸ் கணக்கில் வரும், ஓபியாய்டு கணக்கில் வராது.

இது நம் ஊர் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஓர் ஓவர்டோஸ் சான்றில் பொருளின் பெயர் இல்லை. அங்கே சில மாவட்டங்களில் இறப்பை விசாரிக்கும் அதிகாரி தேர்தலில் ஜெயித்து வருபவர். மருத்துவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் ஒரு மாநிலத்தில் ஓபியாய்டு மரணம் 'திடீரென்று' கூடினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சாவு கூடியதா, எழுதும் விதம் திருந்தியதா?

## ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள்

ஓவர்டோஸை மிக விரிவாக எண்ணி வெளியிடும் நாடு அமெரிக்கா. காரணம் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அங்கே சாவு அவ்வளவு. 2022-இல் எல்லாப் போதைப்பொருள்களாலும் சேர்த்து 1,07,941 பேர் இறந்தார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் புள்ளிவிவரப் பிரிவு மாதாமாதம் ஓர் அட்டவணை போடுகிறது. ஒவ்வொரு முறையும் முடிந்த பன்னிரண்டு மாதத்துக்கான மொத்தம் அது, அதுவும் சுமார் நான்கு மாதம் பிந்தி. இன்னும் விசாரணை முடியாத சான்றுகள் பல இருக்கும் என்பதால் அதைத் தற்காலிக எண் என்று சொல்லியே வெளியிடுகிறார்கள். பிறகு திருத்தப்படும் என்று தெரிந்தே வெளியிடும் எண் அது. அதிலும் இரண்டு பத்திகள் இருக்கும்: இதுவரை வந்து சேர்ந்தவை, இனி வர வேண்டியவற்றையும் உத்தேசமாகச் சேர்த்துப் போட்டவை.

2023-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் சொன்ன எண் 1,07,543. அந்த டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் 1,05,007. 2025 மே மாதம் அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டபோது அதே 2023-க்குச் சொன்ன எண் 1,10,037. மூன்றும் ஒரே அலுவலகத்தின் எண்கள். பார்ப்பவருக்கு, "இவர்களுக்கே கணக்குத் தெரியவில்லை" என்று தோன்றும். ஆனால் இறுதி அறிக்கை அந்நாட்டில் வசிப்பவர்களை மட்டும் எண்ணுகிறது. தற்காலிக அட்டவணை அந்த மண்ணில் நடந்த எல்லா இறப்பையும் எண்ணி, வராத சான்றுக்கும் உத்தேசம் சேர்க்கிறது. முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் அந்த அட்டவணையின் எண்கள், இடையில் திருத்தப்பட்டவை. எண்கள் வேறுபடக் காரணம் அவை வெவ்வேறு கேள்விக்கான, வெவ்வேறு நேரத்துப் பதில்கள் என்பதுதான். தவறு எங்கே நடக்கிறது என்றால், இதில் ஒன்றை எடுத்து அதில் இன்னொன்றைக் கழிக்கும்போது. 2024-இல் மரணம் சுமார் 80,000-ஆகக் குறைந்தது பெரிய செய்தி. எத்தனை சதவீதம் குறைந்தது என்று சொல்ல, 2023-க்கு இந்த மூன்றில் எதை எடுத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கில் வேறொரு நுணுக்கம். அங்கே ஆண்டறிக்கை இறந்த ஆண்டை வைத்து அல்ல, பதிவான ஆண்டை வைத்து. விசாரணை மாதக்கணக்கில் இழுப்பதால், ஒரு வருடத்து அறிக்கையில் இருப்பவர்களில் பலர் முந்தைய வருடம் இறந்தவர்கள்.

இதுவரை: விசாரணை, நச்சியல், சான்று, குறியீடு, அட்டவணை என்று ஐந்து கை மாறித்தான் ஒரு சாவு எண் ஆகிறது. ஒரு கை தவறினாலும் அது வேறு பெட்டிக்குப் போய்விடும். எந்த எண்ணைப் பார்த்தாலும் தற்காலிகமா இறுதியா, நடந்த ஆண்டா பதிவான ஆண்டா என்று கேளுங்கள்.

## கூண்டு ஏற்றும் வேலை

வேகமான கணக்குக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். சம்பவ இடத்துக்குப் போகும் ஆம்புலன்ஸ்காரர்களும் போலீஸும் போதும். அமெரிக்காவில் 2017 ஜனவரியில் தொடங்கிய ஒரு வரைபட முறை இருக்கிறது. ஓவர்டோஸ் என்று சந்தேகப்படும் அழைப்புக்குப் போனவர் செல்போனிலேயே இடம், நேரம், உயிர் பிழைத்தாரா, நலாக்சோன் கொடுத்தார்களா என்று மட்டும் பதிவு செய்வார். ஒரு பகுதியில் ஒரு நாளைக்கு வழக்கமாக வரும் எண்ணிக்கையைத் தாண்டினால் சுற்றியுள்ள சுகாதாரத் துறையினருக்கு எச்சரிக்கை போகும். பக்கத்து மாவட்டக்காரர்கள் நலாக்சோனைத் தயாராக வைப்பார்கள், போதை எடுப்பவர்களிடம் தெருவில் வேலை செய்யும் தொண்டர்கள் போய்ச் சொல்வார்கள். அவ்வளவுதான் அதன் வேலை. அதில் சில தவறாகவும் இருக்கும். சர்க்கரை இறங்கி மயங்கியவரும் முதலில் அதில் ஏறிவிடலாம். கூண்டு ஏறிப் புயல் திரும்பிப் போவதில்லையா?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிகள் சொல்லும் முதல் தொல்லையை அன்றன்றே கணினியில் சேகரித்துப் பார்ப்பதும் இதே வகை. கழிவுநீரில் போதைப்பொருளின் எச்சத்தை அளப்பதும் உண்டு. அது எவ்வளவு புழங்குகிறது என்று சொல்லும், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொல்லாது. இதற்கெல்லாம் பொதுச் சுகாதாரத்தில் கண்காணிப்பு என்று பெயர். போலீஸ் நோட்டமிடுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதில் ஆளின் பெயர் தேவையில்லை, எண்ணிக்கையும் இடமும் நேரமும் போதும்.

## இந்தியாவின் 681

நம் நாட்டில் எல்லோரும் எடுத்துப் போடும் எண் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணங்கள், தற்கொலைகள் அறிக்கையிலிருந்து வருகிறது. 2022-இல் ஓவர்டோஸால் இறந்தவர்கள் 681 பேர். நூற்று நாற்பது கோடி மக்களில் 681. அமெரிக்காவின் ஒரு லட்சத்தோடு பக்கத்தில் வைத்தால் நாம் ஏதோ தப்பித்துவிட்ட மாதிரி இருக்கும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? காவல் நிலையப் பதிவிலிருந்து. போலீஸ் வரை வராத சாவு அதில் இல்லை. எந்தப் பொருள் என்ற பிரிவும் அதில் இல்லை. அதே அறிக்கையில் போதை, குடிப் பழக்கத்தால் தற்கொலை செய்துகொண்டவர்கள் தனியாக வருவார்கள், அந்த எண் பத்தாயிரத்தைத் தாண்டும். சில செய்திகள் அதையே 'போதையால் மரணம்' என்று போட்டுவிடுவதால், ஒரே ஆண்டுக்கு எழுநூறு என்றும் பத்தாயிரம் என்றும் படிப்பவருக்குத் தலை சுற்றும்.

இன்னொரு பக்கம், மருத்துவச் சான்று உள்ள இறப்புகளே குறைவு. 2020-இல் நாட்டில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டும்தான் காரணம் மருத்துவர் கையால் சான்று பெற்றது. மற்றவை டிக்கெட் இல்லாதவை.

பயன்பாட்டைப் பற்றி நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. எய்ம்ஸின் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்தி, சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. அதன்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 2.1 சதவீதம், சுமார் 2.26 கோடிப் பேர் ஏதோ ஓர் ஓபியாய்டைப் பயன்படுத்துகிறவர்கள். அதில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படும் அளவுக்குப் பழக்கம். இத்தனை பேர் பயன்படுத்தும் நாட்டில் ஆண்டுக்கு 681 மரணம் என்பது என்னால் நம்ப முடியாத எண். அதற்காக அமெரிக்கா மாதிரிதான் இங்கும் இருக்கும் என்று தாவிவிடவும் கூடாது. அங்கே கொல்வது பெரும்பாலும் ஃபென்டனில். மிகக் குறைந்த அளவிலேயே உயிரை எடுப்பது. இங்கே புழங்குவது அபின், ஹெராயின், வலி மாத்திரைகள்.

டீக்கடைக் கணக்கை இங்கே சோதித்துப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் 13,53,445 பேர். அமெரிக்காவின் 2023 விகிதமான லட்சத்துக்கு 31.3-ஐ இங்கே பொருத்தினால் ஆண்டுக்கு 420-க்கும் மேல் சாவு விழ வேண்டும், அதாவது தினமும் ஒன்றுக்கு மேல். அப்படி நடந்தால் எந்தப் பதிவேட்டுக் குறையும் அதை மறைத்துவிடாது. ஊர் அழுதுகொண்டே இருக்கும். ஆகவே 'நூற்றுக்கணக்கில்' என்பது பொய். தேசிய எண்ணைப் பொருத்தினால் வருவது ஒன்றுக்கும் குறைவு. அதையும் நம்ப வேண்டியதில்லை. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில், அநேகமாகக் கீழ் முனைக்குக் கிட்டத்தில் எங்கோ இருக்கிறது.

## நம் கரையில் எங்கே நழுவுகிறது

கிராமத்தில் வீட்டில் நடந்த இறப்பைப் பதிவு செய்வது கிராம நிர்வாக அலுவலர். இருபத்தொரு நாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும். "தம்பி எப்படிப்பா இறந்தான்?" என்று அவர் கேட்பார். "நெஞ்சுவலி சார், தூக்கத்துலயே போய்ட்டான்" என்பார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைக்கிறார். அல்லது நினைக்க விரும்புகிறார். கல்யாணமாகாத தங்கை வீட்டில் இருக்கிறாள். போதை என்று எழுதினால் விபத்துக் காப்பீடு வராதோ என்ற கவலையும் உண்டு. அன்றைக்கே அடக்கம் செய்வது வழக்கமாக உள்ள குடும்பங்களும், உடம்பை அறுக்க மனம் ஒப்பாத குடும்பங்களும் உடற்கூறாய்வு வேண்டாம் என்றுதான் கெஞ்சுவார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது தூரம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு சுமார் 55 கிலோமீட்டர். மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022-இல்தான். கடலில் நடந்தால் இன்னும் மோசம். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போன விசைப்படகில் ராத்திரி ஒருவர் விழுந்தால், கரை வந்து சேரவே பல மணி நேரம். அதற்குள் முடிந்துவிட்டால் படகில் இருந்தவர்கள் சொல்வதுதான் காரணம். வலை இழுத்த களைப்புக்கும் உடம்பு வலிக்கும் மாத்திரை போடுவது சகஜம் என்பதால், அது என்ன மாத்திரை என்று யாரும் கேட்பதும் இல்லை.

பிறகு இடம். இறப்பு நடந்த ஊரில்தான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. கேரளப் படகுக்கு வேலைக்குப் போனவர் அங்கே இறந்தால் அது அந்த ஊர்க் கணக்கு. கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர் அங்கே இறந்தால் அந்த நாட்டுக் கணக்கு.

கடைசியாகப் பயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன்படி உட்கொள்வதே குற்றம். கூட இருந்த நண்பர்கள் 108-ஐக் கூப்பிடாமல் ஓடுவது அதனால்தான். தானாக சிகிச்சைக்கு வருகிறவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தர அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. சிகிச்சை பற்றிக் கேட்க மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.

## சிறிய எண்ணைக் கையாளும் விதம்

நம் மாவட்டத்துக்கு ஒரு கணக்கு எடுத்தால் அது சிறியதாகத்தான் இருக்கும். சிறிய எண்ணில் இரண்டு சிக்கல். போன வருடம் இரண்டு, இந்த வருடம் நான்கு என்றால், 'நூறு சதவீத உயர்வு' என்று தலைப்புப் போடலாம். கணக்கு சரி, செய்தி தப்பு. இரண்டாவது, தங்கச்சிமடத்தில் 24 வயது ஆண் ஒருவர் என்று போட்டாலே யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்கப் பொதுத் தரவில் மாநில, மாவட்ட அளவில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்ணிக்கையைக் காட்டாமல் மறைத்துவிடுவார்கள். அதைக் கடைப்பிடித்தால் நம் மாவட்டத்து அட்டவணையில் கட்டம் காலியாகவே இருக்கலாம். பல ஆண்டுகளைச் சேர்த்தோ, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தூத்துக்குடி என்று கரையோர மாவட்டங்களைச் சேர்த்தோ வெளியிடுவது ஒரு வழி.

இங்கே முதலில் வர வேண்டியது சாவுக் கணக்கு அல்ல என்று நான் நினைக்கிறேன். 108-க்கு வந்த மயக்க அழைப்புகளில் எத்தனைக்குப் பாவை சுருங்கியிருந்தது, மூச்சு மெதுவாக இருந்தது, அவசரப் பிரிவில் எத்தனை பேருக்கு நலாக்சோன் போட்டார்கள் என்ற இரண்டையும் மாதம் ஒரு முறை பெயரில்லாமல் கூட்டிப் போட்டால் போதும். மருந்து ஸ்டாக் பதிவேட்டில் நலாக்சோன் செலவு ஏற்கெனவே எழுதத்தான் செய்கிறார்கள். புதிதாக ஆள் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம்.

அப்படி யாராவது தொடங்கினால் முதல் ஆண்டு எண் நிச்சயம் ஏறும். முன்பு 'மயக்கம்' என்று எழுதிய சம்பவங்கள் இப்போது வேறு பெட்டிக்கு வருவதால் ஏறும். இரண்டு, மூன்று ஆண்டுகள் ஒரே மாதிரி எழுதிய பிறகுதான் ஏற்றமும் இறக்கமும் பேசலாம். அதுவரை கலெக்டர் ஆபீசும் பத்திரிகைக்காரர்களும் பொறுத்திருக்க வேண்டும்.